பாசி பார்க்கும் நாலு பெண்கள்

மொட்டைமாடி ஒழுகினால் எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். இருபத்தாறு வருஷமாக அதே தொழில் என்பதால் 'ஒழுக்குக்காரர்' என்றே பேர் நிலைத்துவிட்டது. "பேரைக் கேட்டு ஒழுக்கசீலர்னு நினைச்சுடாதீங்க, இது கூரை ஒழுக்கு" என்று அவர் மனைவி புது ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆறடி உயரம், கதவை அடைக்கிற உடம்பு, போனில் பேசினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரல். சுவரில் பச்சையாக எதைக் கண்டாலும் கம்பி பிரஷ்ஷைத் தூக்கிவிடுவார். பாசியைச் சுரண்டினால்தானே ஒழுக்கை அடைக்கும் மருந்து பூச முடியும்?

அந்தப் பாசியே ஒருநாள் அவர் காலை வாரிவிட்டது. வழுக்கி விழுந்ததில் கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் கட்டு. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். மகள் வெளியூர் ஹாஸ்டலில் இருந்தாள். சோபாவும் ரிமோட்டும்தான் துணை. செய்தியில் கத்தினார்கள், சீரியலில் அழுதார்கள். விரல் தவறி, மகள் பாதியில் விட்டுப்போன ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரை, அனிமேயை, அழுத்திவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் நாலு பெண்கள், பாசி பார்ப்பதற்கென்றே ஒரு சங்கம். லென்ஸை எடுத்துக்கொண்டு பழைய படிக்கட்டு, பாலத்தடி என்று போவார்கள். குப்புறப் படுத்துப் பார்ப்பார்கள். ஆகா என்பார்கள். பிறகு பிளாஸ்கைத் திறந்து டீ குடிப்பார்கள். அவ்வளவுதான். "வேலையத்த பசங்க" என்று சொல்லிக்கொண்டே ஒழுக்குக்காரர் மூன்று பகுதி பார்த்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன கதைங்க?"

"பாசி பாக்குறாங்க."

"சரி, பாத்து?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போறாங்க."

"வில்லன் யாரு?"

அவர் யோசித்தார். "நடுவுல கொஞ்ச நாள் மழை பெய்யலை. பாசி காஞ்சு போச்சு. அப்பதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். "அப்பா, என் அக்கவுண்ட்ல பன்னெண்டு எபிசோடும் முடிஞ்சிருக்கே, யாரு பாத்தது?"

"தானா ஓடியிருக்கும்மா."

"தானா ஓடி முடிச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஓடுதாப்பா?"

ஒருநாள் மனைவி வம்புக்கு இழுக்காமல் நிஜமாகவே கேட்டாள். "அப்படி என்னதாங்க இருக்கு அதுல?"

ஒழுக்குக்காரர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு வர்றதெல்லாம் திட்டுற போன்தானே? ஒழுகுது, ஊறுது, எப்பய்யா வருவேன்னு. இதுல ஒருத்தி 'இங்க வந்து பாருங்களேன்'னு கூப்பிடுறா. மத்த மூணு பேரும் ஓடுறாங்க. போய்ப் பாத்தா நல்லதா ஏதோ ஒண்ணு இருக்கு."

மறுநாள் மனைவி தன் கடையிலிருந்து ஒரு சின்ன லென்ஸ் வாங்கி வந்து அவர் மடியில் போட்டாள்.

கட்டைப் பிரித்ததும் போன முதல் வேலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வீட்டு மாடி. கைப்பிடிச் சுவரின் அடியில், நிழல் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குப் பாசி. பிரஷ்ஷோடு குனிந்தவர் என்ன நினைத்தாரோ, லென்ஸை எடுத்தார். நூலை விட மெலிந்த காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகில் பாதி அளவுக்கு ஒரு தொப்பி. இன்னும் கிட்டப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அப்படியே குப்புறப் படுத்துவிட்டார்.

டீ கொண்டுவந்த தலைமையாசிரியை, ஆறடி உடம்பு அசையாமல் கிடப்பதைப் பார்த்தார். டம்ளரைப் போட்டுவிட்டுக் கீழே ஓடி, அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

கண்ணாடிக் கடையிலிருந்து மனைவி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சிரைக்க மாடியேறிப் பார்த்தால், இரண்டு பேர் குப்புறக் கிடந்தார்கள். இரண்டாவது ஆள் தலைமையாசிரியை. லென்ஸ் இப்போது அவர் கையில் இருந்தது.

"வாம்மா, பதறாதே, உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லை" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "திரும்பப் போன் பண்ண மறந்துட்டேன். மெதுவா நட, இதுல ஒரு தொப்பி திறந்திருக்கு."

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தப் பாசி கரண்டியால் பதமாகப் பெயர்க்கப்பட்டு, மனைவியின் சாப்பாட்டு டப்பாவில் வீடு வந்து, குளியலறை ஜன்னலோரம் குடியேறியது. மிச்ச மாடிக்கு வழக்கம்போல மருந்து பூசினார்.

பிறகு அந்த அனிமேயின் இரண்டாம் சீசன் வந்தது. துணி மடிப்பதற்காகத்தான் உட்கார்கிறேன் என்றாள் மனைவி. ஒரே சட்டையை ஒரு பகுதி முழுக்க மடித்தாள். ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது, "பாவம், அந்த நாலு பேர்ல கண்ணாடி போட்ட பொண்ணு சங்கத்தை விட்டே போறேங்கறா" என்றாள்.

"எந்தப் பகுதியில? நாம அங்க இன்னும் வரலையே?"

மனைவி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"நான் இல்லாம பாத்திருக்கே!"

சாப்பிடும்வரை ஒழுக்குக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கை கழுவும்போதுதான் தாங்க முடியவில்லை.

"போயிட்டாளா, இருக்காளா? அதை மட்டும் சொல்லு."

"வாங்க, பாக்கலாம்" என்று மனைவி சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள். "எனக்கும் இன்னொரு தடவை பாக்கணும்."