தா கிலெக் மண்ணை மிதிக்காத கால்

"இந்தக் கால் இனிமே தா கிலெக் மண்ண மிதிக்காது. மிதிச்சா, வெட்டி மீன் ஜாடியில ஊறப் போட்டுருங்க."

ஏழாம் எண் கிராமத்தின் தலைவர் சம்ருவாய் இதை ஒலிபெருக்கியில் முழங்கியது, தா கிலெக் வட்டத்திலிருந்து தங்கள் நோங் தகாப் தனி வட்டமாகப் பிரிந்த அன்று. கைதட்டியவர்கள் மறந்தாலும் அவர் மறக்கவிடுவதில்லை. தினமும் விடியலில், சேவலுக்கும் பிக்குகளுக்கும் முந்தி, கம்பத்து ஒலிபெருக்கி தொண்டையைச் செருமும். உரம் வந்திருக்கிறது, நாய்களுக்கு ஊசி என்று தொடங்குகிற அறிவிப்பு, சுற்றி வளைத்து வட்டத்தின் வரலாற்றில் போய் விழும். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றுக்குப் படகேறி தா கிலெக் போனதும், முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போனவர் திரும்பாததும், அதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்ததும் ஊருக்கே மனப்பாடம். "பல்லு மட்டுமா, மீசையும் முளைச்சிருக்கும்" என்று சமையலறையிலிருந்து மனைவி லம்துவன் எடுத்துக்கொடுப்பாள்.

சபதத்தில் மனிதர் படு சுத்தம். நகரத்துப் பேருந்து தா கிலெக் வழியாகத்தான் போகிறது. எல்லைப் பாலம் வந்ததும் இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணமிட்டுவிடுவார். அங்கே மைத்துனன் புது வீடு கட்டியபோது, வண்டியைவிட்டு இறங்காமல் ஜன்னல் வழியே மணிக்கட்டை நீட்டி, ஆசீர்வாத நூலைக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

கெடுத்தது ஒரு மூங்கில் புதர். இரு வட்டங்களுக்கும் ஓடைதான் எல்லை. ஓடையோ ஒரு வெள்ளத்தில் தடம் மாறிவிட்டது. அக்கரைக்குப் போய்விட்ட தன் மூங்கிலை மீட்க, நில அளவைக்காரரை விடாமல் நச்சரித்து வரவழைத்தவர் சம்ருவாயேதான். ஓடையின் பழைய தடமே எல்லை என்று அளவைக்காரர் ஒப்புக்கொண்டார். மூங்கில் கிடைத்தது. ஆனால் மூங்கிலருகே அந்தப் பக்கம் வளைந்த பழைய தடம், தலைவர் வீட்டருகே இந்தப் பக்கம் வளைந்திருந்தது. வீட்டுக்கும், பின்னால் தனியே நிற்கிற சமையலறைக்கும் நடுவில் சிவப்புத் தலை முளை ஒன்றை அடித்துவிட்டு அளவைக்காரர் பணிவாகச் சொன்னார்: "வீடு நோங் தகாப், தலைவரே. சமையலறை தா கிலெக்."

தலைவர் தேர்தலோ நெருங்கிவிட்டது. சபதத்தைக் காட்டித்தான் போன முறையும் ஓட்டு வாங்கியிருந்தார். எதிர்த்து நிற்கிற தோங்பாய் தினமும் வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, "ஜாடி கழுவி வச்சாச்சா மாமா" என்று பரிவோடு விசாரித்துவிட்டுப் போவான்.

சம்ருவாய் வீட்டுப் படியிலேயே சாப்பிடலானார். லம்துவன் முளையைத் தாண்டித் தாண்டிச் சோற்றுக்கூடையைக் கொண்டுவந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். "பக்கத்து வட்டத்துலேர்ந்து தினம் சோறு கடத்திட்டு வர நான் என்ன கடத்தல்காரியா? பசிச்சா இங்க வா. இல்லேன்னா அந்த ஒலிபெருக்கியத் தின்னு."

அன்று இரவு அவர் பட்டினி. மறுநாள் காலை ஒலிபெருக்கி, தலைவரின் கால் இன்னும் மாசுபடவில்லை என்று ஊருக்குத் தெரிவித்தது. அதை அணைத்துவிட்டு அவர் பின்பக்கம் வந்தார். சுட்ட மீனின் வாசனை எல்லை பார்க்காமல் வந்துகொண்டிருந்தது. வேலிப்பக்கம் பார்த்தார், ஒரு கோழி மட்டும் நின்றது. முளையருகே செருப்புகளைக் கழற்றி, நோங் தகாப் பக்கமாகவே ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடு தாண்டிப்போய்ச் சமையலறையின் மண்தரையில் உட்கார்ந்தார்.

லம்துவன் சோற்றுக்கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒட்டரிசிச் சோற்றில் ஓர் உருண்டை பிடித்தார். வாயில் போடுமுன் கையை நீட்டி, மூலையில் மீன் ஊறிக்கொண்டிருந்த ஜாடியின் மூடியை ஒருமுறை அழுத்தி மூடிக்கொண்டார்.