சலித்த மண்ணும் ஷமீமா அக்காவும்

அன்று காலை நம் பீங்கான் யூனிட்டில் ஊறுகாய் ஜாடி மூடிகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்காவின் ஸ்டூல் காலியாக இருந்தது. சூப்பர்வைசர் அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து, "ஷமீமா தவறிடுச்சாம். விடியக்காலம் நெஞ்சு வலியாம்" என்றார். என் கையிலிருந்தது சூளைக்குப் போகாத பச்சை மூடி. அழுத்தியதில் வளைந்துபோயிற்று.

அன்று யூனிட்டில் கூட வேலை செய்யும் நீங்கள் எல்லாரும் அக்காவைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். நான் மட்டும் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று பதில் சொல்லப் பயம். ஆகவே எழுதித் தருகிறேன்.

அக்கா மொட்டை மாடியில் தோட்டம் போட்டது உங்களுக்குத் தெரியும். கணவர் வெளிநாட்டில், மாடி வீட்டில் அக்கா தனியாகத்தான் இருந்தார். மருந்து அடிக்காத காய் சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. விரிசல் விட்டு ஒதுக்கிய ஒன்பது வாஷ்பேசின்களை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். "தண்ணி வடிய ஓட்டை அதுலயே இருக்குது பாரு புள்ள" என்று சிரித்தார். அவருக்கும் விவசாயம் தெரியாது, எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வாளி தூக்குவேன்.

முதல் முறை நாங்கள் செய்த தப்பை விருத்தாசலத்தில் எங்களைப் போன்றவர்கள்தான் செய்ய முடியும். யூனிட்டில் மண் என்றால் சலித்த மண். ஒரு பொடிக்கல் தங்கினாலும் சூளையில் பொருள் வீணாகும். அந்தப் பழக்கத்தில் செம்மண்ணையும் காய்ந்த சாணத்தையும் சல்லடையில் போட்டுச் சலித்தோம். வேர், சருகு, கல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் ஒதுக்கினோம். மாவு போன்ற மண்ணில் வெண்டை ஊன்றினோம்.

இரண்டாம் நாள் வேலை முடிந்து போய், தண்ணீர் ஊற்றிவிட்டு விரலால் குத்திப் பார்த்தேன். தட்டு மாதிரி இறுகியிருந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. சொல்ல வாய் வரவில்லை. பெரியவர்கள் செய்வதில் நான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். முளைத்த செடிகள் மஞ்சளாகி, மூன்று வாரத்தில் எல்லாம் சாய்ந்தன.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் கை ராசியே இல்ல போல. வுட்டுடலாம் புள்ள" என்றார். அதைக் கேட்கப் பொறுக்காமல்தான், "சலிச்சது தப்புக்கா" என்றேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாளே."

"அடிப்பாவி. செடி சாவற வரைக்கும் வாய மூடிக்கினா இருந்த?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒதுக்கிய சாக்கை இழுத்து வந்து, "நம்ம வேலைக்கு எது குப்பையோ அதுதான் செடிக்குச் சோறு போல" என்று மண்ணோடு கலந்தார். காய்ந்த இலை, யூனிட்டின் டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எல்லாம் சேர்ந்தன.

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு சட்டம் போட்டார். டீ வந்ததும் என் டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வார். "ஒன்னு சொல்லிட்டுக் குடி." மழை வரும் போலிருக்கிறது என்றாவது சொல்ல வேண்டும். எத்தனை நாள் டீ ஆறிப்போயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை வெண்டை காய்த்தது. முதல் பறிப்பில் நாலே காய்கள். வதக்கிக் கொண்டுவந்து பதினோரு பேருக்கும் பங்கு வைத்தார். சூளை மாணிக்கம் அண்ணன், "என்னா ஷமீமா, பிரசாதமா?" என்றார். "வரிசையில வாங்கண்ணே, தள்ளாதீங்க" என்றார் அக்கா. ஆளுக்கு ஒரு துண்டுதான். ஆனாலும் அன்று உங்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்காவின் கணவர் வந்து வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஊரான மங்கலம்பேட்டைக்குக் கொண்டுபோகிறார்களாம். "மேல இருக்குற தொட்டியெல்லாம் ஒடச்சுக் கொட்டிடுங்க" என்று அவர் ஆட்களிடம் சொன்னார். நான் படிக்கட்டின் கீழே நின்றிருந்தேன். வெண்டைச் செடி சாய்ந்து கிடந்தது ஞாபகம் வந்தது. இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"அண்ணே, அதெல்லாம் எனக்கு வேணும்."

திரும்பிப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"அக்கா கூட வேலை செய்யறேன். மண்ணு நாங்க ரெண்டு பேரும் கலந்தது."

"போன்ல சொல்லுவா. ஒரு புள்ள டீய ஆற வெச்சுக்கினே உக்காந்திருக்கும்னு. அந்தப் புள்ளையா?"

"ஆமாண்ணே."

அவர் முதல் தொட்டியைத் தானே தூக்கி இறக்கினார். அக்கா புதினா வைத்திருந்த தொட்டியை மட்டும் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்.

மீதி எட்டும் யூனிட்டின் பின்சுவர் ஓரம் இருக்கின்றன. இடம் வேண்டும் என்று முதலாளியிடமும் நானேதான் கேட்டேன். ஒரு செடியில் அக்கா, "இது பறிக்கறதுக்கு இல்ல, வெதைக்கு" என்று விட்டுவைத்த வெண்டைக்காய் காய்ந்து வெடித்திருந்தது. அந்த விதைகளை நாம் செய்யும் ஒரு பொம்மைக் கிண்ணத்தில் போட்டு என் ஸ்டூலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுவும், டீ ஆறுவதற்குள் பேசும் பழக்கமும்.

விதை வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேளுங்கள். மண்ணை எப்படிக் கலப்பது என்று வாயாலேயே சொல்கிறேன்.