ஒன்பதாவது ஜெபக் குறிப்பு

என் நாட்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு உண்டு. இடப்பக்கம் உலக ஞானம், வலப்பக்கம் தேவ ஞானம். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்குமுன் இரண்டு பக்கமும் காரணங்களை எழுதிப் பார்ப்பேன். பதினொரு வருடப் பழக்கம். அண்மையில் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. எனக்குச் சிரமம் தரக்கூடிய எதுவும் ஒருமுறைகூட வலப்பக்கத்துக்கு வரவில்லை. தேவ ஞானம் எப்போதும் என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர். எங்கள் சிறிய சபைக்குச் செயலாளரும் நானே. போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செய்தி கொடுப்பது என் பொறுப்பு. ஜெபக் குறிப்புப் புத்தகமும் என்னிடமே இருக்கும். சபையாரின் விண்ணப்பங்களை எண் போட்டு எழுதி, புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தில் வாசிப்பேன். நிறைவேறியவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சரி போடுவேன்.

ஒரு புதன்கிழமை நாலு பத்துக்கு, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த சபைப் பெண் ஒருவர் ஆபீஸ் ஜன்னலருகே நின்றார். அவருடைய ஒரே மகள், இருபத்திரண்டு வயது, கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்கிறாள். அப்படிப்பட்ட வீட்டு அம்மாமாரை நாங்கள் நோனா என்போம்.

“கிளாக்கரய்யா, நேத்துலேருந்து மக போன் ஆஃப்ல இருக்குங்க. அந்த வீட்டு போனுக்கு அடிச்சா ஒரு வயசான நோனா எடுக்குறாங்க. சிங்களத்துல ‘இல்ல, இல்ல’ங்கறது மட்டும்தான் வெளங்குது. எங்கன்னு கேக்குறதுக்குள்ள வச்சிடுறாங்க. நீங்க ஒரு தடவ பேசிப் பாருங்களேன்.”

இலக்கம் எழுதிய துண்டுத் தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். “பயப்படாதீங்க சகோதரி, கர்த்தர் பாத்துக்குவாரு” என்றேன். அவர் போனதும் ஜெபக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, ஒன்பதாம் எண்ணாக, ‘கொழும்பில் இருக்கும் மகளின் பாதுகாப்புக்காக’ என்று அழகாக எழுதினேன். துண்டுத் தாளை அதே பக்கத்தில் ஊசி குத்தி வைத்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் இடப்பக்கம் ஒரே வரி: ‘உடனே போன் செய்தல்.’ வலப்பக்கம் மூன்று: ‘அவசரப்படாதிருத்தல். பிறர் வீட்டுக் காரியத்தில் தலையிடாதிருத்தல். கர்த்தரின் வேளைக்குக் காத்திருத்தல்.’ உண்மைக் காரணத்தை எந்தப் பக்கமும் எழுதவில்லை. அது என் சிங்களம். ஆபீஸுக்கு வரும் சிங்களக் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதுவேன். அகராதியும் அரை நாளும் கொடுத்தால் ஒரு பிழை இருக்காது. பேச்சு வேறு விஷயம். கொழும்பு நோனாவிடம் போனில் நான் திக்கித் திணறுவதை அடுத்த மேசைக்காரர் கேட்டுவிட்டால், பல வருடங்களாகச் சேர்த்த பெயர் என்ன ஆவது?

அன்று மாலைக் கூட்டத்தில் ஒன்பதாவது குறிப்புக்காக ஆறு நிமிடம் ஜெபித்தேன். வேறெந்தக் குறிப்புக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். “பேசினீங்களாய்யா?”

“ஜெபத்துல வச்சிருக்கோம்.”

“சரிங்கய்யா.”

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “என்னங்க, கர்த்தருக்கு அந்த வீட்டு நம்பர் தெரியும். நீங்க எதுக்கு ஊசி குத்திக் காட்டுறீங்க?” என்றாள். அவளுடைய சிந்தை உலகத்துக்குரியது என்று விளக்கினேன். அவள் ரொட்டி தட்டப் போய்விட்டாள்.

ஞாயிறு என்னுடைய செய்தி. தலைப்பு, தேவ ஞானமும் உலக ஞானமும். மூன்று வாரங்களுக்கு முன்பே தேர்ந்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தது. உலக ஞானி ஆபத்து வந்தால் போனைத் தேடுவான், தேவ ஞானி முழங்காலைத் தேடுவான் என்பது அதில் இரண்டாவது குறிப்பு. கண்ணாடி முன் மிக நன்றாக வந்திருந்தது. இரண்டாவது வாங்கில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய், கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். “ஐயா, நான் நாலு நாளா முழங்கால்லதான் இருக்கேன். இப்ப நோர்வூட்டுக்குப் போறேன்.”

நோர்வூட்டில் எங்கள் தோட்டத்தார் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்கார நானா, தராசை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தாராம். வயதான நோனாவுக்குக் காது மந்தம். நானா கடை அதிரக் கத்திப் பேசியிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் விஷயம் வந்துவிட்டது. மகளுக்கு டெங்கு; செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவளுடைய போன் சார்ஜ் இல்லாமல் பையோடு அந்த வீட்டில் கிடந்தது. தாயின் இலக்கம் யாரிடமும் இல்லை. நானா அவரை அப்படியே கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இதை நான் பிற்பகல் இரண்டே கால் மணிக்குக் கேள்விப்பட்டேன். நேரத்தை நாட்குறிப்பில் குறித்தேன். அதற்குமேல் அன்று எழுதவில்லை.

மகள் பிழைத்தாள். ஆனால் தாய் போய்ச் சேரும்வரை, தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாத வார்டில் அவள் தனியே கிடந்திருக்கிறாள். அதில் நாலு நாட்கள் என்னுடையவை.

அடுத்த ஞாயிறு தாய் சாட்சி சொல்ல எழுந்தார். “கிளாக்கரய்யா நாலு நாள் ஜெபிச்சாங்க. நானா ரெண்டு நிமிஷம் பேசினாரு. ரெண்டு பேருக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” சபையில் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவிக்கு மட்டும் இருமல் வந்தது.

வெளியே, மகளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்குக் கூட்டிவந்துவிட்டதால் அவளுடைய பையும் அடையாள அட்டையும் இன்னும் கொழும்பு வீட்டில் இருப்பதாக அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் போய் வாங்கிட்டு வர்றேன்” என்றேன்.

“ஜெபிச்சுட்டுச் சொல்லுங்கய்யா.”

“இல்ல, போறேன்.”

“அப்ப நானும் வர்றேன். பாதி வழியில எறங்கி முழங்கால் போட்டுட்டீங்கன்னா?”

பஸ்ஸில் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். கேட்டைத் திறந்த இளைய நோனாவிடம், ‘தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்று கடிதச் சிங்களத்தில் ஆரம்பித்தேன். அவர் முகம் வெளிறி, நான் கோர்ட்டிலிருந்து வருகிறேனா என்று கேட்டார். பதில் என் தாளில் இல்லை. தாய் என்னை விலக்கிவிட்டு முன்னே போய், ‘மகள்’, ‘பை’ என்று தமக்குத் தெரிந்த இரண்டு சிங்களச் சொற்களைச் சொன்னார். நோனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்து, பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தது நான். தாய் அதிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“இதுல கன்னம் இருக்கு பாருங்கய்யா. இப்ப ஒண்ணுமே இல்ல.”

“சாப்பிட்டா வந்துரும்” என்றேன்.

“வரணும்ங்கய்யா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.