பரணுக்குப் பின்னால் கிடந்த பூண்டுக்கொத்து

இன்று காலையில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மன்னவனூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாக முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில், புகை படும்படி தொங்கவிடுவோம். நடவு முடியும்வரை ஒரு பல்கூட வேறு வீட்டுக்குப் போகக்கூடாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கொத்து குறைந்தது. பள்ளங்கியில் இருக்கும் தன் தம்பிக்கு என் மனைவிதான் கொடுத்துவிட்டாள் என்று நான் முடிவு கட்டினேன். எனக்குப் பிடித்தால் குரங்குப் பிடி. "சத்தியமா இல்லீங்க" என்று அழுதாள். நம்பவில்லை. அன்றோடு மச்சினன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அவளையும் போகவிடவில்லை.

போன வருஷம் பரணைப் பிரித்தபோது, பலகைக்கும் சுவருக்கும் நடுவே அந்தக் கொத்து சருகாகக் கிடந்தது, நான் போட்ட முடிச்சு அவிழாமல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேனாம். கேட்டேனாம் என்றுதான் எழுத முடிகிறது.

கொடைக்கானல் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "புதுசா நடக்கிறதை வாங்கிப் பிடிச்சுக்க மூளையில ரிசெப்டர்னு இருக்குங்க. வயசாக வயசாக எல்லாருக்கும் கொஞ்சம் குறையும். உங்களுக்கு நோயும் சேர்ந்துக்கிச்சு. பழசு நிக்கும், புதுசு தங்காது."

"மாத்திரை தின்னா திரும்ப வருமா?"

"போனது வராதுங்க. கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்."

அடப் பாவி மூளையே! பழியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மன்னிப்பைத் தொலைத்துவிட்டாயே. எதை வைக்கட்டும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் சாகும்வரை அவளுக்கு விடிவே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அவளை மறுபடி எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி, காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்: 'பூண்டு பரணுக்குப் பின்னால் கிடந்தது. அவள் கொடுக்கவில்லை.'

இன்று வெள்ளனே எழுந்து அடுப்படிக்குப் போனேன். பரணை அண்ணாந்து பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, ஒரு கொத்தைக் காணோம். தம்பி வீட்டுக்குத்தானே தூக்கிக் குடுத்த?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமாங்க, நாந்தான் குடுத்தேன். காப்பி ஆறுது, வெரசா குடிங்க."

இருபது வருஷமாக மறுத்தவள் கடைசியில் ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அதே சந்தோஷத்தோடு டம்ளரை எடுக்கத் திரும்பினேன். எதிரே சுவரில் என் கையெழுத்து.