பலாவுக்கு அணைத்த மண்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே ஒரு பழைய தோப்பை மனைகளாகப் பிரித்து விற்றபோது நாங்களும் ஒன்று வாங்கினோம். மற்ற மனைகளில் பத்திரம் முடிந்த கையோடு மரங்கள் போய்விட்டன. எங்கள் மனையில் மட்டும் தெருவோர மூலையில் ஒரு பலா நின்றது. அதற்காகவே அந்த மனையைக் கேட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை அவர் வாங்கியது இடம். நான் வாங்கியது பலாமரம்.

அவருக்கு வளைகுடாவில் வேலை. நான் இங்கே மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். வீட்டைக் கட்டுவது என் பொறுப்பு, கருத்துச் சொல்வது அவர் பொறுப்பு. வாட்சப்பில் பிளானைப் பார்த்தவர், பலா நிற்கும் மூலையில் கார் ஷெட் போடச் சொன்னார்.

"அங்கன மரம் நிக்கே மச்சான்."

"வீடு கட்டுத எடத்துல எந்த மரம் பொழைச்சிருக்கு? நான் லீவுல வருதப்போ அது பட்டுப்போயிருந்தா ஷெட்டு. பொழைச்சிருந்தா உன் இஷ்டம், டீச்சரம்மா."

"சரி, பாப்போம்" என்றேன். மரம் பிழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிழைக்க வைக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் வேரையும் இலையையும் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறேன்?

வேலையை எடுத்த கொத்தனார் கீழப்பாவூர் பக்கத்துக்காரர். முதல் நாளே கிளைகள் எட்டும் தூரம்வரை கம்பு நட்டுக் கயிறு கட்டச் சொன்னேன். கயிற்றுக்குள் லாரி வரக்கூடாது, செங்கல் அடுக்கக்கூடாது, சிமெண்ட் சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றக்கூடாது, பல்பு மாட்ட ஆணியும் அடிக்கக்கூடாது.

"வயசுப் புள்ளைக்குக்கூட இவ்ளோ காவல் கிடையாது டீச்சர்" என்று சிரித்தார். ஆனால் சொன்னபடி செய்தார். நல்ல மனுஷர்.

நல்ல மனுஷராக இருந்ததுதான் வம்பாயிற்று. தெரு ரோட்டை உயர்த்திப் போட்டிருந்ததால் மனை பள்ளமாகிவிட்டது, மண் அடித்து மேடாக்க வேண்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், கயிறு அப்படியே இருக்கிறது. கயிற்றுக்குள்ளே பலாவின் அடிமரத்தைச் சுற்றித் தொடை உயரத்துக்கு மண்ணைக் குவித்து, மண்வெட்டியால் தட்டி வழவழப்பாக்கி, பாத்திகட்டித் தண்ணீரும் விட்டிருக்கிறார்கள்.

"எப்படி டீச்சர்? நம்ம வாழைக்கு அணைக்க மாதிரி நல்லா அணைச்சிருக்கோம். இனி எந்தக் காத்துக்கும் அசையாது."

கொத்தனார் முகத்தில் அவ்வளவு பெருமை. ஊரில் அவர் வாழை போடுகிறவர். வாழைக்கு மண் அணைத்தால் அந்த மண்ணிலேயே புது வேர் விட்டு ஊன்றிக்கொள்ளும். பலா வாழையில்லை. அதற்கு மூச்சு விடும் வேர்கள் மண்ணின் மேல்மட்டத்தில்தான் ஓடுகின்றன. அதன்மேல் களிமண்ணைக் கொட்டினால் வேர் திணறும், அடிப்பட்டை ஈரத்தில் அழுகும். சாவதும் உடனே சாகாது. பால் காய்ச்சிக் குடிபோன பிறகு, யாருக்கும் காரணம் நினைவில்லாத ஒரு நாளில் பட்டுப்போகும்.

"அண்ணாச்சி, வெளக்கையும்தான் அணைக்கோம். நீங்க இப்ப எந்த அணைப்பு அணைச்சிருக்கீங்கன்னு தெரியுதா?"

அவர் முகம் சுருங்கியது. "ஆசையாத்தான செஞ்சோம் டீச்சர்."

"ஆசையாவே எடுத்துருங்க."

ஆட்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள், காலையில் எடுக்கலாம் என்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். ரெண்டு வெட்டு வெட்டியிருப்பேன், கொத்தனார் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "வேருல போட்டுராதீங்க. பக்கத்துல உள்ளத கையால அள்ளுவோம்." இருட்டும்வரை இருவரும் அள்ளினோம்.

மீதி மனையை மேடாக்கியே ஆகவேண்டும். அதனால் மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, சுற்றிலும் வட்டமாகக் கருங்கல் அடுக்கச் சொன்னேன். வட்டத்துக்கு வெளியே மண் எவ்வளவு ஏறினாலும் உள்ளே பழைய தரை அப்படியே இருக்கும். சாரல் நேரத்தில் தண்ணீர் கட்டாமலிருக்க அடியில் குழாய் வைத்துப் பின்பக்க ஓடைக்கு விட்டோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் இல்லாத கிணறு யாருக்கு என்று கேட்டார்கள். பலாவுக்கு என்றேன்.

அதற்குப் பிறகும் சில வாரம் இலை மஞ்சளித்துக் கொட்டியது. தெருப்பக்கக் கிளை ஒன்று காய்ந்தேபோனது. அப்போது பயந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். வீடியோ காலில் வீட்டுக்காரருக்கு எல்லா அறையையும் காட்டினேன். அந்த மூலைப் பக்கம் மட்டும் போனைத் திருப்பவே இல்லை.

அடுத்த சாரல் சீசனுக்கு அவர் லீவில் வந்தார். பெட்டியை இறக்கியதும் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். கொத்தனாரையும் வரச்சொல்லியிருந்தார். நான் பின்னாலேயே போனேன். பலா தளதளவென்று துளிர்த்து நின்றது. ஆனால் அவர் மேலே பார்க்கவில்லை. கல் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிமரத்தில், தரையோடு தரையாக ஒரு பழம். மண்ணைக் குவித்து வைத்திருந்த அதே இடம்.

"வேர்ப்பலால்லா இது!" என்றார்.

"ஆமா. ஷெட்டு எங்கன போடணும் மச்சான்?"

அவர் டேப்பைச் சுருட்டினார். "காரு பின்பக்கம் நிக்கட்டும். கேட்டை மாத்திருவோம் அண்ணாச்சி."

கொத்தனார் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. வட்டத்துக்குள் இறங்கிக் குத்தவைத்துவிட்டார். பழத்தைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். மழையில் கல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் மண் சரிந்து அடிமரத்தில் ஒட்டியிருந்தது. அதை இரண்டு கையாலும் வழித்து வெளியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கவனமா இருங்க டீச்சர்" என்றார். "இங்கன லேசா மண்ணு அணைஞ்சிருந்துச்சு."