மாதா கோயில் மேடு

ஷெரோமிக்கு வாய் கொஞ்சம் நீளம். கால் அதைவிட நீளம். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவள், கொழுந்து பறிக்கும் மார்கிரட்டின் ஒரே மகள். இப்போது கொழும்பில் பல்கலைக்கழகம் இரண்டாம் வருடம். ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. விடியுமுன் பயிற்சி, காலையில் விரிவுரை, பின்வரிசையில் ஒரு குட்டித் தூக்கம், மாலையில் மறுபடி மைதானம். "ஓடுறதுக்கா கெம்பஸ் போன?" என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்குந்தான். ஒங்களுக்கு ஒண்ணுக்கே மூச்சு வாங்குது" என்பாள்.

அப்படிப்பட்டவள் அணித் தேர்வின் முதல் ஓட்டத்தில் ஏழாவதாக வந்தாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று பேர்தான் போகலாம். இன்னும் ஒரே ஓட்டம். அதிலும் தவறினால் இந்த வருடம் அவ்வளவுதான்.

"என்ன பிள்ளை, களைக்கவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. ஏன் பின்னுக்கு நிண்டனி?" என்றார் பயிற்றுநர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கோபத்தையும் மெதுவாகத்தான் கேட்பார்.

"ஏத்தம் வரும்னு பாத்தேங்க சார். வரவே இல்ல."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கோ அவமானம் பிடுங்கித் தின்றது. ஓடிப் பழகியதெல்லாம் தோட்டத்து ரோட்டில். மாதா கோயில் வளைவிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை செங்குத்தான மேடு. மற்றவர்களுக்கு மூச்சிரைக்கும் அந்த இடத்தில்தான் அவள் முந்துவாள். அதுவரை தெம்பைப் பொத்திப் பொத்தி வைப்பாள். இந்தச் சமதரையில் பொத்தியது பொத்தியபடியே கிடக்க, ஓட்டமே முடிந்துவிட்டது.

"அட மக்கு!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மேடு வராவிட்டால் என்ன, நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த ஓட்டத்தில் மூன்று சுற்று மீதி இருக்கும்போது ஐந்தாவதாக இருந்தாள். மாதா கோயில் வந்துவிட்டது என்று மனதுக்குள் சொல்லி, காலடியைச் சுருக்கி, மேடேறுகிற மாதிரியே வேகம் பிடித்தாள். கூட ஓடியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு முன்னாலேயே யார் வேகம் எடுப்பார்கள்? ஒருத்தி மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தாள், அடுத்த சுற்றில் விட்டுவிட்டாள். கடைசிச் சுற்றில் ஷெரோமிக்கு நெஞ்சு எரிந்தது. எரியட்டும், மேட்டில் எரியத்தானே செய்யும்! முதலாவதாக வந்து சேர்ந்தாள்.

மாலையில் அம்மாவுக்குப் போன் போட்டாள். "டீம்ல எடுத்துட்டாங்கம்மா!"

"மாதாவே! மேடே இல்லன்னு அழுதியேடி, எப்புடி ஓடுன?"

"நம்ம மாதா கோயில் மேட்ட நெனச்சுக்கிட்டே ஓடுனேன்."

மார்கிரட், "நான் கொழுந்துக் கூடையோட தெனமும் ஏறுற மேடுடி அது" என்றாள்.

"தெரியும்மா. அதான் நடுவுல நிக்கல."