புகழ்ப் பலகைக்கு ஒரு கை

பேஸ்போல் ஆட்டத்தில் பந்து விழுந்தவுடன் எமிலியானுஸ் எழுதிவிடமாட்டார். பென்சில் முனையை நாக்கில் தொட்டு, மைதானத்தை இன்னொருதரம் பார்த்து, பிறகுதான் ஸ்கோர் கொப்பியில் குறிப்பார். "அடியெண்டே போடுங்கோ அண்ணை" என்று யார் கெஞ்சினாலும் சரி, எதிரணிக்காரன் பந்தைக் கைநழுவ விட்டிருந்தால் அது அவன் பிழைதான். அடித்தவன் பெயரில் ஏறாது. லொங்குய் மருந்துத் தொழிற்சாலையில் போத்தல்களின் லேபல் சரிபார்க்கிற மனுஷன். இந்தக் கொப்பியால் சொந்த மச்சானே மூன்று வருடமாக முகம்கொடுத்துக் கதைப்பதில்லை என்றால் பாருங்களேன்.

நகரத்தின் பெரிய பேஸ்போல் அணியே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. பங்குக் கோயில் கழகம் மட்டும் ரொக்ஸ்பரோ மைதானத்தில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அங்கேதான் 2005 கோடையில், தன் அடியைப் பிழையென்று எழுதியதற்காக, கழகத்து ஆட்டக்காரன் றொக்சன் சனத்துக்கு முன்னால் இவர் கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி புல்லில் விழுந்தது. பொறுக்கிப் போட்டுக்கொண்டு அடுத்த பந்தை எழுதினார். எழுதினாரே ஒழிய, அந்த அறை இன்னமும் ஆறவில்லை. சவரம் செய்கையில் இடது கன்னத்துக்கு வந்ததும் கை ஒரு கணம் நின்றுவிடும்.

இரண்டு வருடம் கழித்து அதே றொக்சனின் தலைவிதி இவர் கைக்கு வந்தது. கழகத்தின் புகழ்ப் பலகையில் வருடத்துக்கு ஒரு பெயர்தான். ஒரு பக்கம், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஐம்பத்தேழு ஹோம் ரன் அடித்த றொக்சன். மறு பக்கம் டனிஸ்ரன். பதினொன்றுதான் அடித்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று யார் கூப்பிட்டாலும் வாகனத்தோடு வந்து நிற்பான். சனமெல்லாம் அவன் பக்கம். ஞாயிறு பூசை முடிந்து தெரிவுக்குழு ஐந்து பேரும் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். கை உயர்த்தித்தான் வாக்கு. இரண்டுக்கு இரண்டு. மிச்சம் எமிலியானுஸ்.

"இதிலை என்ன யோசினை?" என்றார் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. "உங்களை அடிச்சவன்ரை பேரையோ எங்கடை பிள்ளையள் வாசிக்கிறது?"

தேத்தண்ணி கொண்டுவந்த எமிலியானுஸின் மனைவி திரேசம்மா தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள். "உங்களுக்கு ரோசமே இல்லையோ? அண்டைக்கு முழுக்க அழுதது நானெல்லோ!"

எமிலியானுஸுக்கு வேர்த்தது. வாக்கு சமமென்றால் தலைவர் சொல்வதுதான் முடிவு; கையைச் சும்மா வைத்திருந்தாலே போதும், றொக்சன் தோற்றுவிடுவான். அடடா, எத்தனை நாள் ஏங்கிய சந்தர்ப்பம்!

"பலகையிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்றார் கடைசியில். "சிறந்த ஆட்டக்காரர் எண்டு. நல்ல மனிசர் எண்டில்லை. நல்ல மனிசருக்கு வேறை பலகை அடிப்பம், முதல் பேர் டனிஸ்ரன்ரை. ஆணி நான் வாங்கித் தாறன்."

றொக்சனுக்காக வலது கை மேலே போயிற்று. திரேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட றொக்சன் பாய்ந்து உள்ளே வந்தான். "பெரிய மனசு அண்ணை உங்களுக்கு!" என்று பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினான்.

எமிலியானுஸ் உயர்த்திய கையை இறக்கி, நேரே கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.